சிம்பொனி இசைக்குழுவை நடத்த விரும்பும் மகளுக்கு இப்போது என்ன படிப்பு?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பிளஸ் டூ முடிக்கவிருக்கும் உங்கள் மகள் உலக மேடைகளில் சிம்பொனி இசைக்குழுவை நடத்தும் நடத்துநராக வேண்டும் என்பதில் உறுதியாக இருப்பதாகவும், பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க மறுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வயலின் தேர்வுகளில் உச்சமான எட்டாம் கிரேடு தேறிய பிள்ளையின் விருப்பத்தை விளையாட்டாக எண்ணிவிடாதீர்கள். ஆனால் அவர் நடத்துநர் ஆவதா இல்லையா என்பதை இந்த ஆண்டே தீர்மானிக்க வேண்டியதில்லை. வயலினை முழுநேரப் பட்டப்படிப்பாக எடுப்பதா என்பதே இப்போதைய கேள்வி; எடுக்கலாம் என்பதே என் கருத்து.

இத்துறையில் பெயர் பெற்றவர்களில் மிகப் பலர் முதலில் வாத்தியக் கலைஞர்களாகவே தேர்ந்தவர்கள். மும்பையில் பிறந்த ஜூபின் மேத்தா, மருத்துவக் கல்விக்கான படிப்பை விட்டுவிட்டு 1954இல் வியன்னா சென்று, ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் நடத்துநர் பயிற்சி பெற்ற காலத்தில் டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியமும் வாசித்தார். இன்று பெரிதும் பேசப்படும் ஃபின்லாந்தின் நடத்துநர் கிளாஸ் மேக்கலா, வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியமான செல்லோவின் கலைஞர். வயலினோடு பியானோவும் கட்டாயம் தேவை. வாத்தியங்களுக்குத் தனித்தனியாக, இருபதுக்கும் மேற்பட்ட வரிகளில் எழுதப்பட்ட இசைக்குறிப்பைப் பார்த்தவுடன் பியானோவில் சுருக்கி வாசிக்கும் திறனையும் செவித்திறனையும் நடத்துநர் படிப்புக்கான ஐரோப்பிய நுழைவுத் தேர்வுகள் கடுமையாகச் சோதிக்கின்றன. பல விண்ணப்பதாரர்கள் தடுமாறுவது இங்கேதான்.

இன்னொரு சிக்கல், நடத்துநர் தம் வாத்தியமான இசைக்குழுவை வீட்டில் வைத்துச் சாதகம் செய்ய முடியாது என்பதாகும். அவருக்கு எதிரே வாசிப்பவர்கள் இருக்க வேண்டும். 1956இல் ஹங்கேரியிலிருந்து அகதிகள் ஆஸ்திரியாவுக்கு வந்தபோது, மாணவர் மேத்தா சக மாணவர்களைத் திரட்டி அகதி முகாமில் கச்சேரி நடத்தினார். உங்கள் மகளும் தேவாலயப் பாடகர் குழுவையோ நான்கு வயலின் நண்பர்களையோ இப்போதே நடத்திப் பழகட்டும்.

வருமானம் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. முப்பது வயதைத் தாண்டும்வரை நிலையான வருவாய் இல்லாமல் போகலாம். இருவழிகள் உண்டு. ஒன்று, நடத்துநர்களுக்கான போட்டி: மேத்தா 1958இல் லிவர்பூலிலும், செய்ஜி ஒசாவா 1959இல் பிரான்ஸின் பெசான்சோனிலும், குஸ்டாவோ டூடமெல் 2004இல் ஜெர்மனியின் பாம்பெர்கிலும் வென்று கவனம் பெற்றனர். மற்றொன்று, ஜெர்மனியின் ஓபரா (இசை நாடக) அரங்குகளில் பாடகர்களுக்குப் பியானோ வாசித்துப் பயிற்றும் வேலையில் சேர்ந்து படிப்படியாக உயர்வது. மாதச் சம்பளம் கிடைக்கும் இந்த இரண்டாம் வழியையே நான் நம்புகிறேன். போட்டி வெற்றி யாருக்கும் உறுதியில்லை. புகழ்பெற்ற நடத்துநர் கராயனே 1929இல் ஜெர்மனியின் உல்ம் என்ற சிறு நகர அரங்கில்தான் தொடங்கினார்.

வெளிநாட்டுப் பயணம் ஓயாது. ஓர் இசைக்குழுவின் தலைமை நடத்துநரும் ஆண்டில் சில வாரங்களே அங்கு இருப்பார். எஞ்சிய காலம் பிற நகரங்களில் விருந்தினராக நடத்துவார். மேக்கலா 2027இலிருந்து ஆம்ஸ்டர்டாம், சிகாகோ இசைக்குழுக்கள் இரண்டுக்கும் பொறுப்பேற்கிறார். பெண் என்பதால் தயங்க வேண்டாம்: மரின் ஆல்சப் 2007இலேயே அமெரிக்காவின் பால்டிமோர் இசைக்குழுவின் தலைமையை ஏற்றார்.

ஜெர்மனியின் அரசு இசைக் கல்லூரிகள் பலவற்றில் கல்விக் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் ஸ்டுட்கார்ட், ஃப்ரைபுர்க் நகரங்கள் உள்ள மாநிலத்தில் நம்மவருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணம் உண்டு. விசாவுக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 11,904 யூரோ வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும் என்பது 2024 இறுதி நிலவரம். எனவே ஜெர்மன் மொழி வகுப்பையும் பியானோ வகுப்பையும் இந்த மாதமே தொடங்குங்கள். விண்ணப்பத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தாலும் இழப்பில்லை.