கஷ்டத்துக்கு மட்டும் கோயிலா?

கேள்வி: போர்வெல் கடன் கழுத்தை நெரிக்கும்போதுதான் எனக்குச் சாமி ஞாபகமே வருகிறது. போய் நிற்கவே கூச்சமாக இருக்கிறது. போகலாமா? (வாசகர், அரூர்)

பதில்: தாராளமாகப் போங்கள். சமணத்தில் இருந்த திருநாவுக்கரசரே சூலை நோய் என்னும் கடும் வயிற்றுவலி தாங்காமல்தானே திருவதிகைச் சிவன் கோயிலுக்குப் போய் விழுந்தார்? தேய்பிறை அஷ்டமியில் தருமபுரி பக்கத்தில் எங்கள் அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்கு வந்து பாருங்கள். சாம்பல் பூசணியை இரண்டாக வெட்டி, விதையை வழித்தெடுத்து, எண்ணெய் ஊற்றி விளக்கேற்றுவார்கள். அத்தனை பேரும் சும்மாவா வருகிறார்கள்? ஆளுக்கொரு குறை இருக்கும்.

ஆனால், “கடன் தீர்ந்தால் வெள்ளி வேல் சாத்துகிறேன்” என்று பேரம் மட்டும் வேண்டாம்; எனக்கு அது பிடிப்பதில்லை. “என்னால் முடியவில்லை, நீதான் பார்த்துக்கணும்” என்று கும்பிடுங்கள், போதும். அப்புறம், கடன் கொடுத்தவரையும் நேரில் பார்த்துத் தவணை கேட்டுவிடுங்கள்.