இனுயிட் தாய்ப்பால்: ஒரு கடிதம்

ஐயா,

துருவப் பனியை அளப்பவர்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எத்தனையோ வருடமாக அளக்கிறார்கள், அறிக்கை போடுகிறார்கள். எந்த அரசாங்கம் காதில் வாங்கியது? மாநாடு, கைகுலுக்கல், ஃபோட்டோ, அவ்வளவுதானே?

கார்த்திகா

அன்புள்ள கார்த்திகா,

கரியமில வாயு விஷயத்தில் உங்கள் சலிப்புதான் எனக்கும். ஆனால் அரசாங்கங்கள் காதில் வாங்கிய கதையும் ஒன்று உண்டு.

1980களின் பிற்பகுதியில், கனடாவின் கியூபெக் மாகாணத்தில் எரிக் டெவாயி என்ற மருத்துவ ஆய்வாளரின் குழு தாய்ப்பாலில் பிசிபி என்ற தொழிற்சாலை ரசாயனத்தைத் தேடிக்கொண்டிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான பால் வேண்டுமே? ஆலை வாடையே இல்லாத வடகோடி நுனாவிக்கின் இனுயிட் பழங்குடித் தாய்மாரிடம் வாங்கினார்கள். அதில்தான், தெற்கே இருந்த பெண்களின் பாலைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு பிசிபி!

வெப்ப நாடுகளில் ஆவியாகிற இந்த வகை ரசாயனங்கள் குளிர்ந்த இடத்தில் படிகின்றன. கொழுப்பில் தங்கிவிடும், மீனிலிருந்து சீலுக்கு, திமிங்கிலத்துக்கு என்று ஏற ஏறச் செறிவு கூடும். அந்தக் கொழுப்புதான் இனுயிட்களின் சாப்பாடு.

1991இல் ஆர்க்டிக் நாடுகள் எட்டும் சேர்ந்து கூட்டுக் கண்காணிப்பைத் தொடங்கின. காற்று, மீன், தாய்மாரின் ரத்தம் எல்லாம் சோதிக்கப்பட்டன. இத்தகைய ரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தப் பேச்சில் இனுயிட் தலைவர் ஷீலா வாட்-க்ளூட்டியே, தாயும் குழந்தையுமான கல்சிற்பம் ஒன்றை ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் தலைவரிடம் கொடுத்தார். பேச்சு நடந்த காலமெல்லாம் அது தலைமை மேசையில் இருந்தது. 2001இல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் கையெழுத்தானது. முதல் பட்டியலில் 12 ரசாயனங்கள். டிடிடியும் உண்டு, மலேரியா கொசு போன்ற நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்க விலக்கோடு.

சிற்பத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஒப்பந்தத்தின் ஒரு பிற்சேர்க்கை. ஒரு ரசாயனம் பட்டியலில் ஏற, அது நெடுந்தூரம் பயணிக்கிறது என்று காட்டியாக வேண்டும்; அது வெளியாகும் இடத்துக்கு வெகுதொலைவில் எடுத்த அளவீடு அதற்கு ஒரு சான்று. வடதுருவக் காற்றை அளப்பது அப்படியே சட்டத்துக்குள் வந்துவிட்டது. 'எங்கள் நாட்டு வயல், எங்கள் மருந்து' என்ற வாதம் அங்கே செல்லாது.

எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்து 2011இல் அந்தப் பட்டியலில் ஏறியதும் இப்படித்தான். இந்தியா எதிர்த்துப் பார்த்துவிட்டு, சில பயிர்களுக்குக் கால அவகாசம் வாங்கிக்கொண்டு ஒத்துக்கொண்டது. இதில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் இருபது வருடத்துக்கும் மேலாக ஹெலிகாப்டரிலிருந்து அதைத் தெளித்தார்கள். அங்கே பிள்ளைகள் பட்ட பாடு எவ்வளவு பெரிதென்றாலும், உள்ளூர்க் கொடுமை மட்டும் அந்த ஒப்பந்தத்துக்குப் போதாது. எண்டோசல்ஃபான் ஆர்க்டிக்கில் கனடாவின் அலர்ட் கண்காணிப்பு நிலையம் போன்ற தொலைவிடத்துக் காற்றிலும் சிக்கியிருக்க வேண்டியிருந்தது.

சரி, பலன்? ஆர்க்டிக் தாய்மார் பலரின் ரத்தத்தில் பழைய விஷங்களின் அளவு இறங்கியிருக்கிறது. அதைச் சொல்வதும் அதே அறிக்கைகள்தான்.