கொம்புப் பிடிக் கத்தி: வாசகர் கேள்வி

கேள்வி: கம்பத்தில் இருக்கிறேன். கொம்புப் பிடி போட்ட கத்திகள் சேர்க்கிறேன். குமுளிப் பக்கம் ஒருவர் மான் கொம்புப் பிடி என்று ஒன்று காட்டுகிறார், வாங்கலாமா? என்னிடம் உள்ள எருமைக் கொம்புப் பிடி மழைக்காலத்தில் ஆணிப் பக்கம் தூக்கிக்கொள்கிறது, ஏன்?

பதில்: மான் கொம்பு வேண்டவே வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. காட்டில் தானாக உதிர்ந்து கிடந்தது என்று விற்பவர் எவ்வளவு சத்தியம் செய்தாலும், மாட்டினால் உங்களுக்கும்தான் வழக்கு. எருமைக் கொம்புக்கு அந்த வம்பு இல்லை.

மான் கொம்பு எலும்பு. எருமைக் கொம்பு நம் நகம் மாதிரி கெரட்டின், அதனால் ஈரத்தை இழுத்து உப்பும், கோடையில் காய்ந்து சுருங்கும், அப்படி மாறி மாறி நடப்பதில்தான் ஆணி இருக்கும் இடத்தில் தூக்குகிறது, சில சமயம் வெடிக்கவும் செய்யும். தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், வெயிலிலும் வைக்காதீர்கள், அவ்வப்போது மினரல் ஆயில் துளி தடவித் துடைத்தால் போதும். அப்புறம், தோல் உறைக்குள்ளேயே மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்து அலகைத் துருப்பிடிக்க விடும். பிளாஸ்டிக் பிடியா என்று சந்தேகமா? கண்ணுக்குத் தெரியாத மூலையில் சூடான ஊசியை வையுங்கள், முடி கருகிய வாசனை வந்தால் கொம்புதான் (கடைக்காரரைக் கேட்டுவிட்டு வையுங்கள்!).