கோடீஸ்வர ஐயரை எந்தப் பாட்டில் தொடங்குவது? – இசை கேள்வி பதில்

கேள்வி: கச்சேரிகளில் கேட்ட 'வாரணமுகவா'வைத் தவிர கோடீஸ்வர ஐயர் பாட்டு ஒன்றும் தெரியாது. 72 மேளத்துக்கும் (தாய் ராகத்துக்கும்) தமிழில் கீர்த்தனை செய்திருக்கிறாராமே, ஒன்றாம் மேளத்திலிருந்து வரிசையாகக் கற்றுக்கொள்ளலாமா?
– வாசகி, குன்னூர்

பதில்: வரிசையாக வேண்டாம். முதல் மேளமான கனகாங்கியில் சுத்த ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒட்டி நிற்கும். தேர்ந்த வித்வான்களே யோசித்துத் தொடுகிற இடம் அது. முதல் ஆறு மேளத்துக்கும் இதே கதைதான். அங்கே தொடங்கினால் மூன்றாவது பாட்டுக்குள் நோட்டை மூடிவைத்துவிடுவீர்கள்.

கோடீஸ்வர ஐயர் (1870–1936) கவி குஞ்சர பாரதியின் பேரர். அதனால்தான் பாட்டில் அவர் வைக்கும் பெயரான முத்திரை 'கவி குஞ்சர தாசன்'. மேளப் பாட்டுகளின் தொகுப்புக்குக் 'கந்த கானாமுதம்' என்று பெயர். பெயருக்கேற்ப முருகன்மேல் பாடியவை. 72 மேளத்தில் 40 விவாதி மேளம், அதாவது கனகாங்கிபோல ஸ்வரங்கள் ஒட்டி நின்று உரசுபவை. இந்தப் பாட்டுகள் மேடையில் அதிகம் ஒலிக்காமல் போனதற்கு அது பெரிய காரணம். பாடகர் எஸ்.ராஜம் 72-ஐயும் பாடி வைத்திருக்கிறார். பாடம் சரிபார்க்க அவர் பாடியதைக் கேளுங்கள்.

நான் சொல்லும் வரிசை, மேள எண்ணில், 57, 60, 36, 72.

முதலில் 57, சிம்மேந்திரமத்திமத்தில் 'இகபரமெனும்'. விவாதி இல்லை, காதுக்குப் பழகிய ராகம். அடுத்து 60, நீதிமதியில் 'மோகனகர முத்துக்குமரா'. சட்ஜம் முதல் பஞ்சமம் வரை சிம்மேந்திரமத்திமமேதான். நிஷாதமும் அதே காகலி. தைவதம் ஒன்றுதான் தாழ்ந்த நிலையான சுத்தத்திலிருந்து உச்ச நிலையான ஷட்சுருதிக்கு ஏறுகிறது. ஒரே ஒரு புது ஸ்வரம் என்பதால் கவனம் முழுவதையும் அதில் வைக்கலாம்.

மூன்றாவது 36, சலநாட்டையில் 'ஏதய்யா கதி'. இங்கே ஒரு வசதி உண்டு. ப த நி ஸ நீதிமதியில் பழகியதுதான். ஸ ரி க ம என்பது அதே இடைவெளிகளைக் கீழே இறக்கி வைத்தது. மேல் பாதியைப் பாடி, அதே அச்சைச் சட்ஜத்தில் வையுங்கள். நாட்டை ராகம் தெரிந்தவருக்கு இன்னும் எளிது. கடைசியில் 72, ரசிகப்பிரியாவில் 'அருள் செய்ய வேண்டும் ஐயா'. சலநாட்டையில் மத்திமத்தை மட்டும் சுத்த மத்திமத்திலிருந்து பிரதி மத்திமமாக உயர்த்தினால் ரசிகப்பிரியா. ஒரு ஸ்வரம் மாறியதும் ராகத்தின் முகமே மாறிவிடுவதை அங்கே கேட்பீர்கள். இவர் பாட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கேள்வி: வீணையில் 'ஏதய்யா கதி' வாசிக்கிறேன். ஷட்சுருதி ரிஷபம் எப்போதும் சாதாரண காந்தாரமாகவே கேட்கிறது. சில நாள் மூன்றாம் மெட்டு (தந்தியை அழுத்தும் உலோகக் கட்டை) இரைகிறது. ஏன்?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: இரண்டு கோளாறும் வேறு வேறு.

ஷட்சுருதி ரிஷபத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் இடம் ஒன்றே, முதல் தந்தியான சாரணியில் மூன்றாம் மெட்டு. அதை ரிஷபமாக்குவது அடுத்து வரும் அந்தர காந்தாரம், அதாவது நான்காம் மெட்டு. மூன்றில் தந்தியை இழுத்து அசைத்தால் கரகரப்பிரியா சாயல் வந்துவிடும். இரண்டாம் மெட்டிலிருந்து இழுத்து ரிஷபத்தைப் பிடித்தாலும் அப்படியே. நேராக மீட்டி, அசைக்காமல் நிறுத்தி, உடனே நான்குக்குப் போங்கள். இறங்கும்போது காந்தாரத்திலிருந்து ரிஷபத்தை லேசாகத் தொட்டு ஒரே வீச்சில் சட்ஜத்துக்கு வழுக்குங்கள். தைவதத்துக்கும் இதே முறை, பத்தாம், பதினொன்றாம் மெட்டுகளில். தம்புரா போட்டு ஸ ரி க மட்டும் தினம் பத்து நிமிடம், ஒரு வாரம் வாசித்த பிறகு பல்லவிக்குப் போங்கள்.

இரைச்சலுக்குக் காரணம் மெழுகாக இருக்கலாம். மெட்டுகள் கரி கலந்த தேன்மெழுகில் பதிந்திருக்கின்றன. கணப்பு அருகே வீணையை வைத்தால் மெழுகு இளகி, விரல் அழுத்தத்தில் மெட்டு அமிழ்ந்துவிடும். மூன்றாம் மெட்டு அமிழ்ந்தால் தந்தி நான்காம் மெட்டில் பட்டு இரையும், ரிஷபம் அந்தர காந்தாரமாகவே ஒலிக்கும். கடுங்குளிரில் மெழுகு இறுகி விரிசல் விட்டாலும் மெட்டு ஆட்டம் கொடுக்கும். வீணையைக் கணப்பிலிருந்து தள்ளி, ஈரச் சுவரில் சாய்க்காமல், உறை போட்டு வையுங்கள். வாசிக்குமுன் திறந்த தந்தியையும் பன்னிரண்டாம் மெட்டையும் மீட்டிச் சட்ஜம் சேர்கிறதா பாருங்கள். பிறகு மூன்று, நான்கைத் தனித்தனியே மீட்டிப் பாருங்கள். மெழுகை வீட்டில் சூடாக்கி ஒரு மெட்டை மட்டும் தூக்கப் பார்க்காதீர்கள், பக்கத்து மெட்டும் நகர்ந்துவிடும். மேளம் கட்ட, அதாவது மெழுகில் மெட்டுகளைப் பதிக்கத் தெரிந்தவரிடமே கொடுங்கள்.

கேள்வி: பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயிலில் காலையில் பாட இரண்டு பாட்டு சொல்லுங்கள்.
– வாசகர், மன்னவனூர்

பதில்: 'வாரணமுகவா', அடுத்து 'இகபரமெனும்'. ரசிகப்பிரியாவை அந்தக் குளிரில் முதல் பாட்டாக எடுக்காதீர்கள். குரல் சூடேறாதபோது சட்ஜத்திலிருந்து ஷட்சுருதி ரிஷபத்துக்குத் தாவினால் அதற்குக் கீழுள்ள சதுச்சுருதி ரிஷபத்தில் போய் விழும். மந்திர (கீழ்) ஸ்தாயியில் ஐந்து நிமிடம் 'ஆ' என்று அகாரம் பாடிவிட்டு, வழக்கமான சுருதியில் அரைக் கட்டை குறைத்துத் தொடங்குங்கள்.