பந்தய விமானத்தை மாதிரியாகக் கொண்டு 1920களின் கற்பனைப் போர் விமானம் ஒன்றை நம்பும்படி உருவாக்குவது எப்படி?

நாவலுக்காகவோ மாதிரி விமானத்துக்காகவோ கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பந்தய விமானத்தில் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளைப் பொருத்தினால் போர் விமானம் ஆகிவிடும் என்ற எண்ணத்தை முதலில் கைவிடுங்கள். பந்தயத்திலிருந்து படைக்கு வரும்போது அது எதையெல்லாம் விட்டுக்கொடுத்தது என்று காட்டினால்தான் வாசகர் நம்புவார்.

அட்ரியாட்டிக் கரையில் நான் கற்பனை செய்த ஒரு சிறு நாட்டுக்காக இரட்டை இறக்கைப் போர் விமானம் ஒன்றை வரைந்து, அதன் மாதிரியை மரத்திலும் பித்தளைத் தகட்டிலும் செய்து, ஒரு கண்காட்சிப் போட்டியில் வைத்தேன். மேல் இறக்கையின் பரப்பையே, எஞ்சினின் சூடான தண்ணீரைக் குளிர்விக்கும் ரேடியேட்டராக அமைத்திருந்தேன். நடுவர்களில் ஒருவர், இறக்கைக்குள் தண்ணீர் ஓடும் போர் விமானம் எந்த நாட்டுப் படையிலும் இருந்ததில்லை என்று சொல்லி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். பரிசு கிடைக்காததில் எனக்கு வருத்தமில்லை. இருந்த ஒன்றை இல்லை என்று சொன்னதுதான் இன்றும் உறுத்துகிறது.

அமெரிக்காவின் கர்டிஸ் நிறுவனம் செய்த ஆர்-6 பந்தய விமானம், 1922 புலிட்சர் கோப்பைப் பந்தயத்தில் மணிக்குச் சுமார் 331 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் வென்றது. அதன் டி-12 எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர், இறக்கையின் மேல் படிந்திருந்த மெல்லிய பித்தளைத் தகடுகளுக்குள் ஓடியது; காற்றை மறித்து வேகத்தைக் குறைக்கும் தனி ரேடியேட்டர் தேவைப்படவில்லை. அதே நிறுவனம் அதே எஞ்சினையும் அதே இறக்கை ரேடியேட்டரையும் வைத்து பி.டபிள்யூ-8 என்ற போர் விமானத்தைச் செய்தது. அமெரிக்க இராணுவம் அதில் 25 விமானங்களை வாங்கியது. ஆர்-6இல் பந்தயம் வென்ற ரஸ்ஸல் மாகன்தான், 1924 ஜூன் 23 அன்று பி.டபிள்யூ-8 ஒன்றில் நியூயார்க்கில் விடியற்காலை புறப்பட்டு, ஒரே பகலில் சான் பிரான்சிஸ்கோவை அடைந்தார்.

உங்கள் கதைக்குத் தேவையானது இதற்குப் பின் நடந்ததில் இருக்கிறது. பந்தய விமானம் குறைந்த நேரமே பறக்கும். தொழிற்சாலை மெக்கானிக்குகள் அருகிலேயே இருப்பார்கள். அதை யாரும் சுடுவதில்லை. படைத்தளத்தில் நாள்தோறும் பறந்து, புல்தரையில் குலுங்கி இறங்கும் விமானத்தின் இறக்கை வளைந்து நிமிரும்போது அந்தத் தகடுகள் ஒழுகத் தொடங்கின. அவ்வளவு பெரிய பரப்பில் ஒரு குண்டு துளைத்தாலும் தண்ணீர் வெளியேறி, எஞ்சின் சூடேறி நின்றுவிடும். எனவே கர்டிஸ் இறக்கை ரேடியேட்டரைக் கைவிட்டு, மூக்கின் அடியில் கூடு போன்ற ரேடியேட்டரை வைத்தது; 1925இல் படைக்கு வந்த பி-1 ஹாக் அப்படிப் பிறந்ததுதான்.

புரொப்பல்லரிலும் இதே கணக்கு உண்டு. அன்றைய போர் விமானங்களில் பறக்கும்போது அதன் இலைகளின் கோணத்தை மாற்ற வழியில்லை. உச்ச வேகத்துக்கு ஏற்ற கோணத்தில் வைத்தால் மேலேறும் திறன் குறையும். போர் விமானத்துக்கோ விரைந்து மேலேறுவதே உயிர். பந்தய விமானத்தின் சிறிய இறக்கையை அப்படியே வைத்துக்கொண்டால், தரையிறங்கும் வேகமும் புதிய விமானிகளுக்கு ஆபத்தாகும்.

பி.டபிள்யூ-8 எந்தப் போரிலும் சுட்டதில்லையே என்று சிலர் கேட்கலாம். அது உண்மைதான், ஆனால் படையில் பறந்தது, என் வாதத்துக்கு அது போதும். ஒரே ஒரு ரேடியேட்டரைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு எழுதுவதா என்று கேட்பவர்களும் இருப்பார்கள். அந்தக் காலத்துப் பந்தய வேகத்துக்கு அது முக்கியமாக இருந்ததால்தான் எழுதுகிறேன்.

ஆண்டைத் தேர்வு செய்வதிலும் கவனம் தேவை. கடல் விமானங்களுக்கான பந்தயமான ஷ்னைடர் கோப்பையை இரட்டை இறக்கை விமானம் கடைசியாக வென்றது 1925இல், பால்டிமோரில். ஜிம்மி டூலிட்டில் ஓட்டிய கர்டிஸ் ஆர்3சி-2 அது. அடுத்த ஆண்டே இத்தாலியின் ஒற்றை இறக்கை மாக்கி எம்.39 வென்றுவிட்டது. ஆகவே உங்கள் இரட்டை இறக்கை விமானத்தை 1930களுக்கு நகர்த்தினால், அதன் மூதாதையாக ஒரு பழைய பந்தய விமானத்தைத்தான் காட்ட முடியும். எந்த ஆண்டு, எந்த எஞ்சின் என்று எழுதினால் இறக்கையின் அளவைப் பற்றியும் சொல்கிறேன்.