முதலில் எந்தப் புறநகருக்கு ரயில்?

கேள்வி: குன்றத்தூரில் வீடு வாங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. பல்லாவரம் ரயில் நிலையத்துக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே உடம்பு அலுத்துவிடுகிறது. ஏற்கெனவே மின்சார ரயில் ஓடும் பக்கங்களுக்கே மெட்ரோவும் பேசப்படுகிறது. எந்தப் பகுதிக்கு முதலில் என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?
– ஒரு வாசகி, குன்றத்தூர்

பதில்: அந்த முடிவு ஒரே மேசையில் எடுக்கப்படுவதில்லை என்பதே சென்னையின் முதல் சிக்கல். மின்சார ரயில் தெற்கு ரயில்வேயிடமும், மெட்ரோ மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் நிறுவனத்திடமும், பேருந்து மாநகர் போக்குவரத்துக் கழகத்திடமும் இருக்கின்றன. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பொறுப்பு 'கும்டா' எனப்படும் போக்குவரத்துக் குழுமத்துக்கு உரியது.

மெட்ரோவுக்கு மத்திய அரசின் பணம் வேண்டுமென்றால் 2017-ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கைக்கு உட்பட வேண்டும். ஒரு தடத்தில் பேருந்து போதுமா, இலகு ரயில் போதுமா, மெட்ரோதான் தேவையா என்று ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். திட்டத்தால் சமூகத்துக்குக் கிடைக்கும் பலன், போட்ட பணத்தில் ஆண்டுக்கு 14 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அந்தப் பலனில் பயணிகள் மிச்சம் பிடிக்கும் நேரம், குறையும் எரிபொருள், குறையும் விபத்து எல்லாம் பணமாக மாற்றிச் சேர்க்கப்படுகின்றன. காலை நெரிசல் நேரத்தில், ஒரு மணி நேரத்துக்குள், ஒரே திசையில் எத்தனை பேர் போகிறார்கள் என்ற எண்ணிக்கையும் இந்தக் கணக்கில் பெரும் எடையைப் பெறுகிறது.

கணக்கு நல்லதுதான். ஆனால் அது சாலையில் ஓடுகிறவர்களை எண்ணுகிறதே தவிர, ஓடாமல் நின்றுவிட்டவர்களை எண்ணுவதில்லை. தியாகராய நகரில் கிடைத்த வேலையை 'வீடு திரும்ப இரவு ஒன்பதாகிவிடும்' என்று விட்டுவிட்டு, உள்ளூரிலேயே பாதிச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் பெண்கள் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். அவர்கள் போகாத பயணம் எந்தக் கணக்கெடுப்பிலும் வராது. குன்றத்தூர், மாங்காடு, செங்குன்றம் போன்ற ஊர்கள் பட்டியலில் பின்தங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

என்னிடம் வரிசைப்படுத்தச் சொன்னால், தண்டவாளம் ஏற்கெனவே இருக்கிறதா என்பதைத்தான் முதலில் கேட்பேன். இருக்கும் இடத்தில் ரயில்களையும் பாதைகளையும் நுழைவாயில்களையும் கூட்டலாம். புதிய தடத்துக்கான பெரும் பணம் தண்டவாளமே இல்லாத பக்கம் போகட்டும். தாம்பரம்–செங்கல்பட்டு நான்காவது பாதைக்கு மதிப்பிடப்பட்ட செலவு 757 கோடி ரூபாய்; தூரம் சுமார் 30 கிலோமீட்டர். மெட்ரோவின் இரண்டாம் கட்டமோ 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி, அதாவது கிலோமீட்டருக்கு 530 கோடிக்கும் மேல். ஒன்று இருக்கும் நிலத்தில் தரையோடு போடுவது, மற்றொன்று சுரங்கமும் தூணுமாகப் போவது என்பதால் இரண்டையும் அப்படியே நிறுத்துப் பார்க்க முடியாதுதான். ஆயினும் எதை முதலில் முடித்துவிடலாம் என்பது இதிலேயே தெரிகிறது.

உங்கள் ஊருக்கு உடனடியாகக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி மெட்ரோ தடம் போரூர், குமணன்சாவடி வழியாகச் செல்கிறது. நிலையத்தின் இருபுறமும் ஐந்து கிலோமீட்டர் வரை இணைப்புப் போக்குவரத்து இருக்க வேண்டும் என்று அதே 2017-ஆம் ஆண்டுக் கொள்கை சொல்கிறது. குமணன்சாவடியிலிருந்து மாங்காடு வழியாகக் குன்றத்தூர் வரை, ரயில் நேரத்தோடு பொருந்தும் சிற்றுந்து வேண்டும் என்று இப்போதே நகராட்சியில் மனுக் கொடுங்கள்.

கேள்வி: விமான நிலையம் முதல் கிளாம்பாக்கம் வரை மெட்ரோ வர வேண்டும் என்கிறார்கள். பக்கத்திலேயே மின்சார ரயில் போகும்போது இது இரட்டைச் செலவு ஆகாதா?
– ஒரு வாசகர், ஊரப்பாக்கம்

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டபோது, ஜி.எஸ்.டி. சாலைக்கு மறுபக்கத்தில் தண்டவாளம் ஓடியும், ஏறி இறங்க நிலையம் இல்லை. தென் மாவட்டங்களிலிருந்து விடிகாலையில் வந்திறங்கிய குடும்பங்கள், தூங்கும் குழந்தையைத் தோளிலும் பையைக் கையிலும் சுமந்துகொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்து வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய் மின்சார ரயில் ஏற வேண்டியிருந்தது. ஒரு நிலையத்தையும் ஒரு நடைமேம்பாலத்தையும் பேருந்து முனையத்தோடு சேர்த்தே கட்டியிருந்தால் அந்த அலைச்சல் ஒரு நாள்கூட இருந்திருக்காது. மக்களை ஓரிடத்துக்கு மாற்றும் அரசு, ரயிலை அவர்களுக்கு முன்னதாக அங்கே கொண்டு போய் நிறுத்த வேண்டும்.

ஆனால் 15.46 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த மெட்ரோ நீட்டிப்பை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வடபழனிக்கும் கோயம்பேட்டுக்கும் போகிறவருக்குக் கடற்கரை ரயில் நேராக உதவாது. பரங்கிமலையில் மாற வேண்டும். தாம்பரத்தில் காலை எட்டரை மணிக்குப் பெட்டிக்குள் கால் வைக்க இடமிருக்காது என்பதை அங்கே நிற்பவர்கள் அறிவார்கள். முதலில் நான்காவது பாதையும் கூடுதல் ரயில்களும், அடுத்து மெட்ரோ என்பதுதான் என் வரிசை.

கேள்வி: வேளச்சேரி–பரங்கிமலை பறக்கும் ரயில் ஏன் அவ்வளவு காலம் நின்றது? வரிசையில் முந்தியிருந்தும் பயனில்லையே?
– ஒரு வாசகர், ஆதம்பாக்கம்

பதில்: பறக்கும் ரயில் 2007-இல் வேளச்சேரிக்கு வந்தது. அதற்கப்பால் பரங்கிமலை வரை எஞ்சியது ஐந்து கிலோமீட்டர்தான். அதில் சுமார் 500 மீட்டர் நிலத்துக்கான இழப்பீட்டு வழக்கில் பணி பத்தாண்டுகளுக்கும் மேல் இழுபட்டது. நடுவில் பாலம் விட்டுப்போன தூண்களை நீங்கள் தினமும் பார்த்திருப்பீர்கள். நிலம் கைக்கு வராத தடத்துக்கு வரிசையில் முதலிடம் தருவது, பின்னால் நிற்கும் ஊரின் முறையையும் சேர்த்துப் பறிப்பதாகும். நில உரிமையாளருக்குச் சந்தை விலையைத் தயங்காமல் கொடுத்திருந்தால், தாமதத்தால் ஏறிய கட்டுமானச் செலவைவிட அது குறைவாகவே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: விமான நிலையமே இன்னும் வராத பரந்தூருக்கு மெட்ரோவைத் திட்டமிடுவது முறையா?
– ஒரு வாசகர், திருப்பெரும்புதூர்

பதில்: பூந்தமல்லியிலிருந்து பரந்தூர் வரை ஏறத்தாழ 53 கிலோமீட்டர். இதை ஒரே தடமாகப் பார்க்கக் கூடாது. இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வரை இன்றைக்கே தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஷிப்டு தோறும் கம்பெனிப் பேருந்துகள் அள்ளிக்கொண்டு போகின்றன. அப்பேருந்து அவர்களைத் தொழிற்சாலை வாசலிலேயே இறக்கிவிடுகிறது. மெட்ரோ நிலையமோ நெடுஞ்சாலையில் நிற்கும். இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்கு ரயில் ஓடும் நேரமும் ஒத்துவர வேண்டும். இவற்றுக்கு வழி செய்துவிட்டால் சுங்குவார்சத்திரம் வரையிலான பகுதிக்கு நியாயம் உண்டு. அதற்கு அப்பாலுள்ள பகுதி, ஏகனாபுரம் மக்கள் தங்கள் நிலத்துக்காகப் போராடிவரும் நிலையில், விமான நிலையத்தின் வேலை தரையில் தெரியும் வரை காத்திருக்கலாம். இருக்கிற மனிதர்களின் முறை, வரப்போகிறவர்களின் முறைக்கு முன்னால் வர வேண்டும்.

கேள்வி: சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து எங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். வீட்டு வேலைக்கு இன்னும் பழைய இடத்துக்கே போகிறேன். மெட்ரோ வந்தால் எங்களுக்கு ஆகுமா?
– ஒரு வாசகி, பெரும்பாக்கம்

பதில்: அம்மா, வந்திருக்கும் கடிதங்களில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது உங்களுடையது. மாதவரம்–சோழிங்கநல்லூர் தடம் மேடவாக்கத்தைத் தாண்டிப் பெரும்பாக்கம் வழியாகத்தான் வருகிறது. ஆகவே வரிசையில் உங்கள் ஊருக்கு இடம் கிடைத்திருக்கிறது. அது உங்களை மனத்தில் வைத்துக் கிடைத்ததா என்பதுதான் என் சந்தேகம்.

மேலே சொன்ன பலன் கணக்கில், மிச்சமாகும் நேரத்துக்குப் பெரும்பாலும் பயணியின் வருமானத்தை வைத்தே விலை போடப்படுகிறது. சோழிங்கநல்லூர் மென்பொருள் ஊழியரின் ஒரு மணி நேரம் அதில் கனமாக நிற்கும். நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிவிட்டு, பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு முன்னால் வீடு சேரத் துடிக்கும் உங்கள் ஒரு மணி நேரம் லேசாகிவிடும். ஒரு மணி நேரம் யாருக்கும் ஒரு மணி நேரம்தான் என்று கொண்டு, எல்லாருக்கும் ஒரே விலை வைத்துக் கணக்கிட்டால் எந்தப் புறநகர் மேலே வரும் என்பதை கும்டா வெளியிட்டுக் காட்ட வேண்டும். நகரத்தின் நடுவிலிருந்து அரசே பெயர்த்து 20 கிலோமீட்டருக்கும் அப்பால் குடிவைத்த மக்களுக்கு, அந்தக் கணக்கில் முன்னுரிமையே கொடுத்தாலும் தகும்.

கட்டணம் இன்னொரு தடை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மெட்ரோவில் குறைந்தது 10 ரூபாய், தூரத்துக்கு 50 ரூபாய் வரை. போகவர அதைக் கொடுத்தால் மாதத்தில் ஒரு வீட்டுச் சம்பளம் அதற்கே போய்விடும். நிலையமும் மேடவாக்கம்–சோழிங்கநல்லூர் சாலையில்தான் வரும். உங்கள் எட்டு மாடிக் குடியிருப்புகள் அதிலிருந்து உள்ளே தள்ளி இருக்கின்றன. ஆகவே, உங்கள் பகுதிக்கு மாதச் சலுகைச் சீட்டையும், குடியிருப்பு வாசலிலிருந்து நிலையத்துக்குக் கட்டணமில்லாப் பேருந்தையும் இப்போதே கேளுங்கள். மெட்ரோ ஓடத் தொடங்கிய பிறகு 'இனி இத்தடத்தில் பேருந்து தேவையில்லை' என்று யாராவது சொன்னால், குடியிருப்போர் அனைவரும் கையெழுத்திட்டு எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.