அவரை என் சிநேகிதிக்குப் பிடிக்கவில்லை: கேள்வி பதில்

காதலரை நண்பர்களுக்குப் பிடிக்காதபோது என்ன கதைப்பது? திருகோணமலைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு உளவளத்துணையாளர் அக்கா பதில் சொல்கிறார்.

"அந்தப் பெடியன் உனக்குச் சரிவரமாட்டான்" என்று பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதி சொல்கிறாள். கோபத்தில் ஏதும் சொல்லிவிடுவேனோ என்று பயம், அக்கா. (உப்புவெளி)

தங்கச்சி, அவருக்காக வழக்காடத் தொடங்காதீர்கள். "என்னத்தைக் கண்டு சொல்றாய்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். "ஆளைப் பார்த்தாலே தெரியுது" என்றால் அது அவளுடைய விருப்பு வெறுப்பு, விட்டுவிடலாம். "டச்சு பே கடற்கரையில் எல்லாருக்கும் முன்னால் உன்ர போனைப் பறிச்சுப் பார்த்தான்" என்றால் அது நடந்த விசயம். அதை அவள் கண்டிருக்கிறாள், நீங்கள் சிரித்து மழுப்பியிருப்பீர்கள்.

வெளியில் நிற்பவர் கண்ணுக்குக் கொஞ்சம் மதிப்புக் கொடுக்கத்தான் வேண்டும். 1999இல் வெளியான கனடிய ஆய்வு ஒன்றில், காதலிக்கும் மாணவர்களிடமும் அவர்களுடைய அறைத்தோழர்கள், பெற்றோரிடமும் இந்த உறவு எவ்வளவு காலம் நிற்கும் என்று கேட்டார்கள். காதலித்தவர்களை விட மற்றவர்களின் கணிப்பே சரியாக இருந்தது. அதற்காக அவள் சொன்னதும் பிரிந்துவிட வேண்டியதில்லை. "நீ சொன்னது மனசில கிடக்கு, யோசிச்சிட்டுக் கதைக்கிறன்" என்றால் போதும். அதை நேரில் சொல்லுங்கள். நடுச்சாமத்தில் வாட்ஸ்அப் வொய்ஸ் அனுப்பினால் கட்டாயம் சண்டைதான்.

நண்பன் சொன்னதைக் காதலியிடம் அப்படியே சொல்லலாமா? (கிண்ணியா)

வேண்டாம், தம்பி. நாளைக்கு நீங்கள் இருவரும் சமாதானமாகிவிடுவீர்கள், அவள் மட்டும் அவனை மன்னிக்கமாட்டாள். அவன் சொன்னதில் உண்மை இருப்பதாகப் பட்டால், அவன் பெயரை இழுக்காமல் உங்கள் கேள்வியாகவே கேளுங்கள்.

"அவள் வேற ஆக்கள், விடு மச்சான்" என்று என் காதலியைப் பற்றி நண்பன் சொல்கிறான். (திருகோணமலை நகரம்)

இதில் அவளைப் பற்றி ஒன்றுமே இல்லையே. "அவளில் பிழை கண்டால் சொல்லு, கேட்கிறன். எந்த ஆக்கள் என்று எனக்கு முதலே தெரியும்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் என்ன நடக்குமோ என்ற பயத்தில் அவன் இப்படிக் கதைக்கவும் கூடும். அதையும் கேட்டுப் பாருங்கள். பயம்தான் என்றால், வீட்டில் கதைக்கப் போகும் நாளில் பக்கத்தில் நிற்க அவனைவிட நல்ல ஆள் கிடைக்காது.

எதிர்ப்பு வந்தால்தான் காதல் இறுகும் என்கிறார்களே? (நிலாவெளி)

1972இல் ஓர் அமெரிக்க ஆய்வு, பெற்றோரின் எதிர்ப்பைப் பற்றி அப்படிச் சொன்னது. 2014இல் திரும்பச் செய்து பார்த்தபோது அப்படி வரவில்லை. சுற்றியிருப்பவர்களின் ஆதரவு இருந்த இடத்தில்தான் காதல் கூடியிருந்தது. அதனால் வீம்புக்காக ஒருவரைப் பிடித்துத் தொங்காதீர்கள்.

"அவளோடு கதைக்காதே" என்று என் சிநேகிதியைப் பற்றிக் காதலர் சொல்கிறார். (மூதூர்)

சிநேகிதிக்கு என்ன பதில் சொல்வது என்பதல்ல இப்போது உங்கள் பிரச்சினை. யாரோடு கதைப்பது, எங்கே போவது என்பதை இன்னொருவர் தீர்மானிக்கிறார். மிரட்டலோ அடியோ இருந்தால் 1938 என்ற அரச மகளிர் உதவி இலக்கத்துக்கு எடுங்கள். அந்தச் சிநேகிதியிடமும் இன்றைக்கே கதையுங்கள்.